ரீச்சரைக் கேளுங்கள்: அந்த மேகத்தை ஆர் கொளுத்தினது?

சென்ற இதழில் ஆதிகால விண்மீன் திரள்களைப் பற்றி நாலு வரி எழுதப்போய், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே பச்சைப் படத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. சந்திர கிரகணம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ரீச்சர், போனில் ஒரு வீடியோ வந்தது. கறுப்பு ஆகாயத்தில் பச்சையாக ஒரு படலம். "எங்கள் பால்வீதியைவிட மூன்று மடங்கு பெரிய ஒளிரும் மேகம், விஞ்ஞானிகள் திகைப்பு" என்று போட்டிருந்தார்கள். இது உண்மையா, எடிற் பண்ணினதா?
— உயர்தர மாணவி, சாவகச்சேரி

பதில்: படம் உண்மை, பிள்ளை. திகைப்புத்தான் எடிற் பண்ணினது. அந்த மேகம் அகப்பட்டு இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. திகைக்க வேண்டியவர்கள் அப்போதே திகைத்துவிட்டு இப்போது வேலை பார்க்கிறார்கள்.

2000ஆம் ஆண்டு சாள்ஸ் ஸ்டைடல் என்ற அமெரிக்க வானியலாளரும் அவருடைய குழுவினரும், கலிபோர்னியாவில் பலோமார் மலையிலுள்ள 200 அங்குலத் தொலைகாட்டியால் வானத்தின் ஒரு சின்னத் துண்டைப் பார்த்தார்கள். ஆதிகாலத்தில் விண்மீன் திரள்கள் நெருக்கியடித்துக்கொண்டு உருவான இடம் அது. ஒரேயொரு நிறத்தை மட்டும் உள்ளே விடுகிற வடிகட்டியைப் போட்டுப் படம் எடுத்தபோது, புள்ளிகள் மட்டுமே தெரிய வேண்டிய இடத்தில் இரண்டு பெரிய படலங்கள் அப்பிக்கொண்டு நின்றன. அதில் ஒன்றுதான் உன் வீடியோவில் வந்தது. லைமன் அல்பா மேகம் 1 என்று பட்டியலில் பெயர். குறுக்களவு ஏறத்தாழ 3 இலட்சம் ஒளியாண்டு. பால்வீதித் தட்டின் குறுக்களவை 1 இலட்சம் என்று வைத்தால் மூன்று மடங்குக் கணக்குச் சரிதான். ஜப்பானியரின் சுபாரு தொலைகாட்டி பிறகு அதே பகுதியை அலசி, 2004இல் இப்படிப்பட்ட 35 மேகங்களைப் பட்டியல் போட்டது. எல்லாமே முதலாவதின் அளவு இல்லை.

நீ இரசாயனவியல் படிப்பதானால் லைமன் தொடர் என்று ஒன்றை மனப்பாடம் பண்ணியிருப்பாய். ஐதரசன் அணுவில் இலத்திரன் இரண்டாம் சக்திமட்டத்திலிருந்து முதலாம் மட்டத்துக்கு விழுந்தால் 121.6 நனோமீற்றர் அலைநீள ஒளி; லைமன் அல்பா என்பது அதுதான். அந்த மேகத்திலிருந்து வருகிற வெளிச்சம் அந்த ஒற்றை வீழ்ச்சியின் வெளிச்சம். கோடானுகோடி அணுக்களில், ஒரே படி.

பாடசாலை ஆய்வுகூடத்தில் ஐதரசன் மின்னிறக்கக் குழாய் இருந்தால் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லிக் கேள். நான் படிப்பித்த இடத்தில் ஒன்று இருந்தது. ஒரு சாண் நீளம், நடுப்பகுதி ஈர்க்குத் தடிப்புக்கு ஒடுங்கியிருக்கும். தூண்டற் சுருளில் கொழுவினால் அந்த ஒடுங்கிய துண்டு ரோஸ் நிறத்தில் எரியும். அரியத்துக்குள்ளால் பார்த்தால் சிவப்பு, நீலப்பச்சை, ஊதா என்று கோடு கோடாகப் பிரியும். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பார்க்கிற அந்தக் கோடுகள், இலத்திரன் இரண்டாம் மட்டத்துக்கு விழுகிற பாமர் தொடர். லைமன் கோடும் அதே குழாய்க்குள்தான் பிறக்கிறது. ஆனால் அது கழியூதாக் கதிர். கண்ணுக்குத் தெரியாது, குழாயின் கண்ணாடியைத் தாண்டாது, தாண்டினாலும் காற்று விழுங்கிவிடும். அதனால்தான் 1906இல் தியடோர் லைமன் அதைப் பிடிக்கக் காற்றை உறிஞ்சி எடுத்த கருவி ஒன்றைப் பயன்படுத்த வேண்டி வந்தது.

அப்படியானால் வளிமண்டலத்துக்குக் கீழே மலையில் நிற்கிற தொலைகாட்டிக்கு அது எப்படி எட்டியது என்று நீ கேட்க வேண்டும். ஒளி புறப்பட்டு 1150 கோடி வருசம். அவ்வளவு காலமும் பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருந்ததால் அலைநீளமும் சேர்ந்து இழுபட்டுவிட்டது. எவ்வளவு இழுபட்டது என்பதற்கான எண்தான் செந்நகர்வு; இந்த மேகத்துக்கு அது 3.09. அதோடு ஒன்றைக் கூட்டி 121.6ஆல் பெருக்கிப் பார்: 497 நனோமீற்றர். கழியூதாவாகக் கிளம்பினது நீலப்பச்சையாக வந்து சேர்கிறது. ஆகவே படத்தில் போட்ட பச்சை கொஞ்சம் தாராளமே தவிர, முழுப்பொய் இல்லை.

கேள்வி: நான் கப்பலில் வேலை செய்து ஓய்ந்தவன். நெருப்பில்லாமல் வெளிச்சமில்லை என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. நட்சத்திரம் இல்லாத வெளியில் வெறும் வாயு எப்படி எரியும்? அதை ஆர் கொளுத்தினது?
— க. ச., வல்வெட்டித்துறை

பதில்: ஐயா, நீங்கள் கேட்ட இந்தக் கேள்விக்குத்தான் வானியலாளர்கள் இவ்வளவு காலமும் அடிபடுகிறார்கள்.

முதலில் ஒன்று: அது எரியவில்லை. கீழ்ப் படியில் இருக்கிற இலத்திரனை ஏதோ ஒன்று மேலே தூக்கிவிட வேண்டும், அல்லது அணுவை விட்டே வெளியே அடித்துக் கலைக்க வேண்டும். திரும்பி விழும்போது வெளிச்சம். தூக்கிவிடுகிற கை எது என்பதுதான் வழக்கு.

ஒரு கட்சி சொல்லுவது, ஈர்ப்பு. பெரிய விண்மீன் திரள் உருவாகிற இடத்தை நோக்கிச் சுற்றுவட்டாரத்து வாயு எல்லாம் விழுகிறது. விழுகிற வேகத்தில் அணுக்கள் மோதுகின்றன, இலத்திரன் மேலே போகிறது, விழுகிறது. நட்சத்திரமே தேவையில்லை. கேட்க அழகான விளக்கம். 2006இல் கிம் நில்சன் என்பவருடைய குழு, உள்ளே ஒரு விண்மீன் திரளும் தென்படாத மேகம் ஒன்றைக் கண்டு, இது ஈர்ப்பால் ஒளிர்கிறது என்று எழுதியது. ஒன்பது வருசம் அது முன்மாதிரிச் சாட்சியாக நின்றது. 2015இல் இன்னொரு குழு அதே இடத்தைச் செங்கீழ்க் கதிர் உட்படப் பல அலைநீளங்களில் அலசி, பக்கத்திலேயே தூசிக்குள் ஒளிந்திருந்து இரை தின்கிற கருந்துளை ஒன்று இருக்கிறது, அதன் வெளிச்சமே போதும் என்று காட்டியது. சாட்சி கூண்டிலேயே பிறழ்ந்துவிட்டார்.

மற்றக் கட்சி, வெளிச்சம் உள்ளே இருந்துதான் வருகிறது என்கிறது. மேகத்தின் நடுவில் விண்மீன் திரள்கள் இருக்கின்றன, அவற்றில் புதிதாகப் பிறந்த சூடான நட்சத்திரங்கள் கழியூதாக் கதிரைக் கொட்டுகின்றன. இங்கே லைமன் அல்பா ஒளிக்கு ஒரு விசேச குணம் உண்டு. வழியில் நடுநிலையான ஐதரசன் அணு ஒன்று குறுக்கிட்டால், அதை அப்படியே விழுங்கி இன்னொரு திசையில் துப்பிவிடும். அடுத்த அணுவும் அதையே செய்யும். மார்கழி, தையில் விடியப்புறம் ஆனையிறவால் வருகிற முதல் பஸ்ஸைப் பாருங்கள். பனிப்புகாருக்குள் பஸ் தெரிய முன்னமே பெரிய வெள்ளை வட்டமொன்று தெரியும். புகார் தானாக ஒளிரவில்லை, ஹெட்லைற் வெளிச்சம் துளிக்குத் துளி தெறித்து வருகிறது. அப்படித்தான் மேகமும் என்பது இவர்களுடைய வாதம்.

சொன்னால் போதுமா? தெறித்து வருகிற ஒளிக்கு ஓர் அடையாளம் இருக்கும். அதன் அதிர்வு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், முனைவாக்கம் என்று படிப்பிப்போம். முனைவாக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டால் கடல்மேல் அடிக்கிற பளபளப்பு அடங்குவதை நீங்கள் கப்பலில் கண்டிருப்பீர்கள். 2011இல் மத்தியூ ஹேய்ஸ் என்பவருடைய குழு, சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள 8.2 மீற்றர் தொலைகாட்டியை ஏறத்தாழ 15 மணித்தியாலம் அந்த முதலாவது மேகத்தின்மேல் திருப்பி வைத்து இதையே அளந்தது. நடுவில் முனைவாக்கம் இல்லை. நடுவைச் சுற்றி வளையம் போட்டதுபோல் இருக்கிறது. உள்ளிருந்து புறப்பட்டு ஓரங்களில் தெறித்த ஒளி எப்படி வர வேண்டுமோ, அப்படி வந்தது. அங்கங்கே வாயு தானாக ஒளிர்ந்திருந்தால் இப்படி ஒழுங்காக வளையம் விழ நியாயம் இல்லை.

பிறகு 2016இல், அட்டகாமாப் பாலைவனத்தில் 66 அலைவாங்கிகளை இணைத்து வேலை செய்கிற அல்மா தொலைகாட்டி மேகத்தின் மையத்தில் இரண்டு விண்மீன் திரள்களைப் பிரித்துக் காட்டியது. எங்கள் பால்வீதி வருசத்துக்குச் சூரியனைப்போல் ஒன்றிரண்டு நட்சத்திரத்துக்கான வாயுவை நட்சத்திரமாக்குகிறது. அவை இரண்டும் அதைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டிருக்கின்றன. ஹெட்லைற் இரண்டும் அகப்பட்டுவிட்டன.

குவாசார் கொளுத்தின மேகங்களும் உண்டு. குவாசார் என்பது விண்மீன் திரளின் நடுவில் வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிற இராட்சதக் கருந்துளை. விழுங்கப்படுவதற்கு முன் அந்த வாயு சூடேறி வீசுகிற கதிர், சுற்றியுள்ள முழு விண்மீன் திரளின் ஒளியையும் மழுங்கடிக்கும். இந்த வகையில் எனக்குப் பிடித்தது எங்கள் தொழில்காரி ஒருத்தி கண்டது. 2007இல் ஹனி வான் ஆர்கல் என்ற ஒல்லாந்துப் பாடசாலை ஆசிரியை, பொதுமக்கள் விண்மீன் திரள்களை வகைப்படுத்தும் திட்டத்தில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு விண்மீன் திரளுக்குப் பக்கத்தில் இனந்தெரியாத படலம் ஒன்றைக் கண்டு இது என்ன என்று கேட்டார். அது ஏறத்தாழ 65 கோடி ஒளியாண்டுத் தூரத்தில் இருக்கிற வாயு. அங்கே பச்சையாக ஒளிர்வது ஐதரசன் அல்ல, அயனாக்கப்பட்ட ஒட்சிசன். பக்கத்து விண்மீன் திரளின் குவாசார்தான் அதைக் கொளுத்தியது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் குவாசார் இப்போது அடங்கிவிட்டது. விளக்கு நூர்ந்த செய்தி அந்த வாயுவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

என்னைக் கேட்டால், முதலாவது மேகத்துக்கு உள்ளே இருக்கிற இரண்டும் பெரும்பங்கு காரணம் என்று எழுதத் தயங்கமாட்டேன். ஆனால் ஈர்ப்புக்குப் பங்கே இல்லை என்று முனைவாக்கம் சொல்லவில்லை. விழுகிற வாயு இல்லாமல் அந்த இரண்டு திரளும் அந்த வேகத்தில் நட்சத்திரம் பெற முடியாது. "மர்மம் துலங்கியது" என்று தலைப்பிட்டவர்கள் கொஞ்சம் அவசரக்காரர். எல்லா மேகத்துக்கும் ஒரே கை என்று அடம்பிடிப்பவர்களையும் நான் நம்புவதில்லை.

கேள்வி: அந்த மேகம் கும்ப ராசியில் இருக்கிறதாமே. கும்ப ராசிக்காரருக்கு அதனால் ஏதும் பலன் உண்டா?
— சதய நட்சத்திரக்காரர், நல்லூர்

பதில்: இருப்பது உண்மை. வானியல் வரைபடத்திலும் கும்பம், பஞ்சாங்கக் கணக்கிலும் கும்பம். இரண்டு கணக்கும் ஒத்துவராத இடங்கள் நிறைய இருக்கின்றன, இது தப்பிவிட்டது. பலன் என்று கேட்டால், அந்த மேகத்தின் பார்வை இப்போது உங்கள்மேல் விழுவதாகவே வைத்துக்கொள்வோம். அது சூரியனும் பூமியும் உண்டாவதற்கு 690 கோடி வருசத்துக்கு முன்னமே புறப்பட்டுவிட்டது. உங்கள் சாதகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்க வழியில்லை.

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு. "அந்த மேகத்துக்குள் போனால் சுடுமா, மூச்சு முட்டுமா?" என்று கேட்கிறாள்.
— ஒரு தகப்பன், கொக்குவில்

பதில்: மகளுக்கு: மூச்சு முட்டும், ஏனென்றால் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எங்கள் முற்றத்துக் காற்றில் ஒரு கன சென்ரிமீற்றருக்குள், அதாவது உன் சுண்டுவிரல் நுனியளவு இடத்துக்குள், 25 போட்டு 18 சுழியம் சேர்த்தால் வருகிற அளவு மூலக்கூறுகள். அந்த மேகத்தின் பெரும்பகுதியில் அதே இடத்துக்குள் ஓர் அணுகூடத் தேறாது. வெப்பநிலை பத்தாயிரம் பாகை அளவில் இருக்கும், ஆனால் சுடாது. சுடுவதற்குக் கையில் வந்து முட்ட ஆட்கள் வேண்டுமே. வெளிச்சமும் தெரியாது, அது கழியூதா. அவ்வளவு ஐதான வாயு இங்கிருந்து தெரிவதற்குக் காரணம் அதன் ஆழம்தான். இலட்சக்கணக்கான ஒளியாண்டுத் தடிப்பு.

கேள்வி: இந்த மேகங்களுக்கு ஜப்பான் ராணியின் பெயர் வைத்திருக்கிறார்களாம். உண்மையா?
— மாணவன், பருத்தித்துறை

பதில்: எல்லாவற்றுக்கும் இல்லை, தம்பி. ஒன்றுக்கு. 2009இல் மசாமி ஓச்சியும் குழுவினரும் சுபாரு தொலைகாட்டியின் தரவுகளிலிருந்து அறிவித்தது, ஹிமிக்கோ. பழைய ஜப்பானை ஆண்ட ராணி ஒருத்தியின் பெயர். 55,000 ஒளியாண்டு அகலம்தான், ஆனால் மற்றவற்றைவிட மிகப் பழையது. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 80 கோடி வருசத்துக்குப் பிறகு அங்கிருந்து புறப்பட்ட ஒளி அது. அதன் லைமன் அல்பா எங்களிடம் வரும்போது 924 நனோமீற்றர், செங்கீழ்ப் பக்கம் போய்விட்டது. 2013இல் ஹபிள் படத்தில் பார்த்தபோது உள்ளே மூன்று ஒளிக்கட்டிகள் ஒரே வரிசையில் இருப்பது தெரிந்தது.

கேள்வி: அவ்வளவு வாயுவும் இப்போது எங்கே போனது? அருகில் ஏன் அப்படி ஒன்றும் இல்லை?
— சி. ம., மானிப்பாய்

பதில்: அம்மா, நல்ல கேள்வி. பெரும்பாலும் தின்று தீர்த்துவிட்டார்கள். அந்த வாயு விண்மீன் திரள்களின் இரை. ஒரு பகுதி நட்சத்திரமாகிவிட்டது, ஒரு பகுதி கருந்துளைக்குள் போனது. இன்னொரு பகுதி சூடேறி, ஐதாகி, திரள்களைச் சுற்றியே நிற்கிறது. அது லைமன் அல்பாவில் அவ்வளவாக ஒளிராது.

அந்த இரை எவ்வளவு தாராளமாகக் கிடந்தது என்பது கடந்த பத்துப் பதினைந்து வருசத்தில்தான் வெளித்தது. 2014இல் செபஸ்டியானோ கந்தலூப்போவின் குழு, ஹவாயிலுள்ள 10 மீற்றர் கெக் தொலைகாட்டியால் ஒரு குவாசாரைச் சுற்றி ஏறக்குறைய 15 இலட்சம் ஒளியாண்டு நீளும் வாயுவைப் படமெடுத்தது. குவாசாரின் கதிர் பட்ட துண்டு மட்டும் அது, மிச்சம் இருட்டில். அதுவரை, பத்துக் குவாசாரில் ஒன்றைச் சுற்றித்தான் இப்படி மேகம் இருக்கும் என்று பலர் நினைத்திருந்தார்கள். 2016இல், பரனாலில் பொருத்திய மியூஸ் என்ற கருவியால் 19 குவாசார்களைப் பார்த்தார்கள். பத்தொன்பதைச் சுற்றியும் இருந்தது! அபூர்வம் என்று நினைத்தது வழமையாகிவிட்டது. 2019இல் இன்னும் முந்திய காலத்துக்குப் போய், 31 குவாசார்களில் 12ஐச் சுற்றி வாயு கண்டார்கள். ஏறத்தாழ 1250 கோடி வருசத்துக்கு முன்னைய நிலைமை அது. அவ்வளவு சிறிய வயதில் அந்தக் கருந்துளைகள் எப்படி அந்தப் பருமனுக்கு வந்தன என்ற பழைய கேள்விக்கு, பக்கத்தில் சாப்பாடு இருந்திருக்கிறது என்ற அளவுக்காவது பதில் வந்துவிட்டது.

அதே வருசம் ஹிடேக்கி உமெஹாத்தாவின் குழு, ஸ்டைடல் பார்த்த அதே கும்பத்துண்டுக்குத் திரும்பிப் போனது. 30 இலட்சம் ஒளியாண்டுக்கு மேல் நீளும் வாயு இழைகள், அவற்றின் வழியே விண்மீன் திரள்களும் கருந்துளைகளும். முதலில் கண்ட படலங்கள் அந்த வலையின் தடித்த முடிச்சுகள்.

கேள்வி: மகன் கனடாவிலிருந்து ஆறு அங்குலத் தொலைகாட்டி ஒன்று அனுப்பியிருக்கிறார். கசூரினாக் கடற்கரையில் வைத்து இந்த மேகத்தைப் பார்க்கலாமா?
— இளைப்பாறிய தபாலதிபர், காரைநகர்

பதில்: பார்க்க முடியாது, ஐயா. பறுவ நிலா வட்டத்தின் அகலத்தில் நூறில் ஒன்று அளவு அது. அவ்வளவு சிறியதுகூடப் பிரச்சினை இல்லை, மங்கல்தான் பிரச்சினை. 8 மீற்றர் கண்ணாடிகளே மணிக்கணக்காக ஒளி சேர்த்துத்தான் அதை எடுக்கின்றன. எந்த இடம் என்று மட்டும் காட்டலாம். ஆவணியில் நல்லூர்த் தீர்த்தம் முடிந்த இரவு, நள்ளிரவை அண்டி அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குச் சற்றுத் தெற்கே, வானநடுக்கோட்டை ஒட்டிக் கும்பத்துக்குள் அது நிற்கும். தீர்த்தம் அமாவாசையில் வருவதால் நிலவும் இராது.

தொலைகாட்டியைச் சும்மா வைக்க வேண்டாம். மாரி ஓய்ந்து தைப்பொங்கல் கழிந்ததும், நிலவில்லாத இரவு ஏழரை மணியளவில் வடமேற்கில் அந்திரொமீடா விண்மீன் திரளைத் தேடுங்கள். 25 இலட்சம் ஒளியாண்டுத் தூரம். தொலைகாட்டியில் நீளமான வெண்மங்கலாகத் தெரியும். பிறகு கிழக்கே உயர்ந்து நிற்கிற ஒரியனின் வாளுக்குத் திருப்புங்கள். அங்கே இருக்கிற மேகம் ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தூரத்தில் அதே ஐதரசன். அதைக் கொளுத்தின நாலு நட்சத்திரமும் உங்கள் ஆறு அங்குலத்தில் தனித்தனியே பிரிந்து தெரியும்.

தொண்ணூறுகளில் மின்சாரமில்லாமல் ஜாம்போத்தல் விளக்கில் இருந்த யாழ்ப்பாணத்தின் ஆகாயம் எவ்வளவு கறுப்பு என்று உங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த இருட்டு இனி வராது, வரவும் வேண்டாம். கடற்கரையில் கடைகளின் எல்.ஈ.டி. வெளிச்சத்துக்கு முதுகு காட்டிக் கருவியை வையுங்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது விடுங்கள், போனை எடுக்க வேண்டாம். காரைநகர்க் காற்றில் உப்பு அதிகம். பார்த்து முடிந்தவுடன் மூடியைப் போட்டுவிடுங்கள். கண்ணாடியில் பனி படிந்தால் சாரத் தலைப்பால் துடைக்காமல் தானாகக் காய விடுங்கள்.